மாதக் கடைசியில் மூடும் தோட்டம்

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி அனிருத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மெஹக்குக்கும் சேர்த்துத்தான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மெல்போர்னில் குளிர் எப்படி? ஃபோனில் பேசினால் ஹாலில் இருக்கும் உன் அப்பா காதில் விழும். அதனால் கையால் எழுதி, உன் தங்கை சாருவிடம் இதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்து இப்போதே சிரிக்கிறாள்.

நீயும் அப்பாவும் ஃபோனில் பயிர் வளர்க்கிறீர்களே, அந்த விளையாட்டை மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். ஆடுகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம், நடத்துகிற செலவுக்குக் கட்டுப்படியாகவில்லையாம். சாரு படித்துச் சொன்னதிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆள்தானே குறைச்சல் என்று கிளம்பிவிட்டார். சபா செயலாளராக இருந்தபோது உறுப்பினர் சேர்த்த புத்தி எங்கே போகும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்க வருகிறவர்களை நிறுத்தி, அவர்கள் ஃபோனில் எல்லாம் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். பஞ்சாட்சரம் மாமா, "எனக்குக் கண்ணே சரியாத் தெரியல, கத்திரிக்கா போட்டு என்ன ஓய் பண்ணப் போறேன்" என்றாராம். "ஒண்ணும் போடவேண்டாம், பேரை மட்டும் குடுத்துட்டு சும்மா இரும்" என்றாராம் இவர். உன் வேலிக்குப் பக்கத்தில் திடீரென்று தரிசு நிலமாக முளைத்ததெல்லாம் பூங்கா ஆட்கள்தான். கம்பெனிக்காரன் அசைந்துகொடுக்கவில்லை.

நீ கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் சொன்னாயே, அன்றிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை. ஆனால் சாயங்காலம் காபி ஆறிப்போனாலும் உன் தக்காளிக்குத் தண்ணீர் விடாமல் எழுந்திருக்க மாட்டார். நீயும் தூங்கப்போகுமுன் அவர் வாழைக்கு விடுகிறாய். விளையாட்டில் நீ வேறு பெயர் வைத்துக்கொண்டால் அப்பாவுக்குப் பிள்ளையைத் தெரியாதா என்ன? நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி காபியைச் சுடவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இனி அதுவும் இல்லை என்றால் பயமாக இருக்கிறது.

நேற்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "மூடறதுக்குள்ள ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றார். அவர் குளிக்கப் போனபோது சாரு எடுத்துக் காட்டினாள். விளையாட்டில் அவர் வீட்டு வாசலில் ஒரு பெயர்ப் பலகை வைத்திருக்கிறார். கோமளம், அனிருத், சாருலதா, அதற்குக் கீழே மெஹக். இதுவரை அவர் வாயில் வராத பெயர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ வாழைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறாய். ஒரு தடவை வாசல் பக்கம் போய்ப் பார். அவளையும் கூட்டிக்கொண்டு போ. மாதம் முடிந்தால் அந்தப் பலகையும் போய்விடும்.

மூடிய மறுநாள் சாயங்காலம், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்துக்கு நீ கூப்பிடு. கட்டாயம் எடுப்பார். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் வாழையைப் பற்றிக் கேள்.

இருவரும் நன்றாக இருங்கள். நம் ஆத்து வாசல் பலகையிலும் இடம் இருக்கிறது.

உன் அம்மா,
கோமளம்