மூன்றாவது முறையும் உடைந்த மூக்குக்கண்ணாடி

அன்புள்ள மகனுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று கடையில் கண்ணாடி மாட்டி வைத்திருக்கும் பிளாஸ்டிக் தலையைத் துடைத்துக்கொண்டே, "என்னடி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் பக்கத்து மருந்துக்கடைக்காரர் நிற்கிறார். அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது, இந்நேரம் தெரு முழுக்க எனக்கு ஒரு சின்ன வீடு அமைந்திருக்கும். மற்றபடி உடம்பில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, உனக்கும் அப்படியே இருக்கட்டும். உன் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது, பெரியம்மாவின் முட்டிவலி இன்னும் தீரவில்லையாம். அந்த முட்டியை நான் திட்டாத நாள் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவக்கூட ஒன்றுமில்லை. டிவியை ஓடவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், ஆள் இருக்கிற மாதிரி சத்தம் வருமே என்று. போனில் பேசினால் நீ "ம்", "சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலேஜ் பெண் ஒரே மாதத்தில் மூன்று தடவை கடைக்கு வந்தாள், மூன்று தடவையும் கண்ணாடியின் இடது கம்பி உடைந்து. முதல் தடவை அதன்மேல் உட்கார்ந்துவிட்டாளாம், இரண்டாம் தடவையும் உட்கார்ந்துவிட்டாளாம். நானும் சும்மா இருக்காமல், "கண்ணாடிய முகத்துல போடணும்மா, நாற்காலில இல்ல" என்று ஜோக் அடித்தேன். கூட வந்த பையன்தான் சிரித்தான். தங்கமான பையன் என்று நினைத்தேன், கதவைத் திறந்துவிடுகிறான், பையைத் தூக்கிக்கொள்கிறான், அவள் போன்கூட அவன் கையில்தான். மூன்றாம் தடவை பவரையும் பார்த்துவிடலாம் என்று உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டேன். அவள் எழுத்துப் பலகையைப் பார்க்கவில்லையடா, திரும்பி அவனைப் பார்க்கிறாள். அவனும் கூச்சமே இல்லாமல், "ரெண்டாவதுதான் அவளுக்கு நல்லா தெரியும் சார்" என்கிறான். அடுத்தவர் கண்ணுக்குள் உட்கார்ந்து பார்க்கிறவனை என் தொழிலில் அன்றுதான் கண்டேன்.

லைட்டை அணைக்க வேண்டும், உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு அவனை வெளியே அனுப்பினேன். சொன்னதற்காக லைட்டையும் அணைத்தேன். அப்புறம், "அவன் நல்லவன்தான் சார், நான் பதில் சொல்ல லேட்டானாதான் கோபம் வரும்" என்றாள். முதலில் தோழிகளோடு போனால் போட்டோ அனுப்பச் சொன்னானாம், பிறகு தோழிகளே வேண்டாம் என்றானாம், பாஸ்வேர்டு கேட்டானாம், கொடுத்தாளாம், அதற்கப்புறம்தான் கை. அடித்துவிட்டு அவள் மடியிலேயே படுத்து அழுவானாம், தேற்றுவதும் இவள் வேலைதான். வீட்டில் யாருக்காவது தெரியுமா என்றேன். அக்காவிடம் பேசியே ஆறு மாதம் ஆகிறது என்றாள். என் போனைக் கொடுத்தேன், அக்கா நம்பர் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. வெளியே அவன் கதவைத் தட்டத் தட்ட, "சொட்டு மருந்து விட்டிருக்கேம்பா, பொறு" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் அக்கா வந்து கூட்டிப்போனதாகச் செய்தி வந்தது. திரும்ப அவனிடமே போகாமல் இருப்பாளா, தெரியாது. செய்தி வந்த பிறகு அந்த இருட்டறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்குப் போனால் மட்டும் யார் இருக்கிறார்கள்.

உனக்கு ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன லீவில் உன் கூடப் படிக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, "எங்க போனாலும் போட்டோ அனுப்பணும், அப்படிப் பழக்கி வெச்சிருக்கேம்பா" என்று. நான் சிரித்தேன், கெட்டிக்காரன் என்றுகூடச் சொன்னேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் பிள்ளை கை ஓங்க மாட்டான் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், ஆனால் அந்தப் பையனின் அப்பாவும் எங்கோ உட்கார்ந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் கேட்கிறேன், அவள் உன்னிடம் முடியாது என்று சொன்னதுண்டா, சொன்ன அன்று நீ என்ன செய்தாய்? மறைக்காமல் எழுது. போட்டோ கேட்பதை இன்றோடு நிறுத்து. நேரத்துக்குச் சாப்பிடு, தலையணை உறையைத் துவை. நீயும் அவளும், சேர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா

பி.கு.: உன் அம்மா அங்கே வேறு கடையில் கண் பார்த்தாளாம். எது தெளிவு என்று அவளையே கேட்டார்களாம். பதினொரு வருடமாக நான் போட்டுக்கொடுத்தது தப்பான பவராம்.