நிரம்பாத குழி

ஜூன் 3

மேயர் இன்றும் சாப்பிடவில்லை. தொட்டியின் மூலையில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான். வருஷக்கணக்காக என் விரலிலிருந்தே வாங்கித் தின்ற ஆஸ்கர் மீன். தங்கை நெல்சி சொல்கிறாள்: "அவனும் ஒன்ன மாதிரிதான் அண்ணே. கோவிச்சுக்கிட்டு மூலையில நிக்கிறான்."

ஜூன் 4

தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, வெயிலில் பஸ் ஏறி மெரிதா நகரத்துக்குப் போனேன். மீன் கடை காமாலியேல் ஏதோ சொட்டு விட்டுக் குலுக்கினான். மஞ்சளாக நிற்க வேண்டியது சிவந்துவிட்டது.

"நைட்ரேட், தோன் எர்மிலோ. மீன் கழிவும் மிச்சத் தீனியும் மக்கி கடைசியில இதாத்தான் நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாத்தமும் வராது. தண்ணிய மாத்துங்க."

வாயில் மரியாதையாகத் 'தோன்' போட்டுவிட்டு எனக்கா சொல்லித் தருகிறான்? குளிர்பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன் நான். சொட்டு மருந்தை வாங்கி வந்துவிட்டேன். இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 6

பாதித் தண்ணீரை மாற்றினேன். எல்லாம் என் கிணற்றுத் தண்ணீர். வாளி தூக்கி முதுகு போயிற்று. வண்டியில் விற்கிறார்களே கேன் தண்ணீர், அதற்கு உயிரே கிடையாது. என் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கிணற்றோரத்து வாழையைப் பார்த்தால் தெரியும். இந்த வருஷம் ஒவ்வொரு இலையும் கதவு அகலம்.

ஜூன் 7

நெல்சியின் மகள் யாஸ்மின், பிள்ளை பெற்று நாற்பது நாள் தாயோடு இருக்க வந்திருப்பவள், "மாமா, தொட்டியில டெலிபோன் வைங்க" என்றாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வளரும் கொடிக்கு அதுதான் பேர். அதன் வேர் நைட்ரேட்டை உறிஞ்சுமாம்.

"வச்சு? யாருகூடப் பேச, மேயர்கூடவா?"

சிரித்தாள். வந்ததிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள். பால் போதவில்லை என்று பெண்ணுக்கு ஏக்கம். குழந்தைக்குப் புட்டிப்பால்தான். அதற்குக் கேன் தண்ணீர் வேண்டுமென்று வந்த அன்றே தாயும் மகளும் கேட்டார்கள். என் வீட்டில், கிணறு இருக்க, கேனா? காய்ச்சிக் கொடு, போதும் என்றேன். நெல்சி வாயை மூடிக்கொண்டாள். எப்போதும் கடைசிப் பேச்சு என்னுடையதுதான்.

கொடியை வைத்தேன். அவளுக்காக.

ஜூன் 10

மறுபடி மாற்றினேன். தீனியைக் குறைத்தேன். மணலைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். வடிகட்டிப் பஞ்சை அலசினேன்.

சிவப்பு.

ஜூன் 12

இன்னும் மாற்றினேன். இன்னும் கறுத்த சிவப்பு. டெலிபோன் கொடி மட்டும் கொழுத்துக்கொண்டு போகிறது. மருந்தே மோசடி. வேறென்ன?

ஜூன் 14

கடையில் போய்ச் சத்தம் போட்டேன். காமாலியேல் தான் குடிக்கும் கேன் தண்ணீரில் என் மருந்தையே விட்டுக் காட்டினான். மஞ்சள்.

"மருந்து நல்லாத்தான் இருக்கு. ஊத்துற தண்ணியப் பாத்தீங்களா?"

"அது என் கெணத்துத் தண்ணிடா!"

"கெணறுன்னா? தீர்த்தமா? பாருங்க, மீனாவது தாங்கும். பச்சப்புள்ளைக்கு உள்ள போனாத்தான் மோசம், உடம்பே நீலம் பாஞ்சிரும். காய்ச்சினாலும் போவாது, இன்னும் கெட்டியாத்தான் ஆவும்."

பஸ் ஏன் அப்படி ஊர்ந்தது? வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் சொட்டு விட்டேன். சிவப்பு.

வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழைக்கு அந்தப் பக்கம் கழிப்பறைக் குழி. யாஸ்மின் வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று போன வருஷம் புதுக் கழிப்பறை கட்டி, அதற்காகப் பாறையை நானே உடைத்தேன். அடியில் வெடிப்பு அகப்படும்வரை உடைக்க வேண்டும். அகப்பட்டுவிட்டால் குழி குடித்துக்கொண்டே இருக்கும், நிரம்பாது. எங்கள் ஊரில் அதுதான் நல்ல குழி. என் குழி நிரம்பவே நிரம்பாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். உள்ளே போவதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நானாவது கேட்டேனா?

சமையலறைக்கு ஓடினேன். நெல்சி கையில் புட்டி. பிடுங்கிக் கொட்டினேன்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"கெணத்துத் தண்ணி... புள்ளைக்கு... அதுல—" வாய் குழறிவிட்டது.

காலிப் புட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு துணி துவைக்கும் கல்தொட்டிக்குப் பின்னால் போய் ஒரு சாக்கை விலக்கினாள். கேன்.

"மொத நாள்லேருந்தே இதான் அண்ணே. நீ கத்துவேன்னு சொல்லல."

என் வீட்டில். எனக்குத் தெரியாமல்! போய் வலைத்தூளியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 15

நெல்சியோடு பேசவில்லை.

ஜூன் 16

பேசவில்லை. ஏமாற்றியது ஏமாற்றியதுதான். குழந்தை வீறிட்டு அழுதது. போய்ப் பார்த்தேன். உதடு, நகம் எல்லாம் நல்ல சிவப்பு. இந்தச் சிவப்பு இருக்கட்டும்.

ஜூன் 18

சாக்குக்கு அடியிலிருந்து மேயருக்குக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தேன். கேட்காமல்தான். அவள் மட்டும் என்னைக் கேட்டாளா?

ஜூன் 22

கிணற்றைப் பலகை போட்டு மூடினேன். மேயர் ஒரு புழு தின்றான்.

ஜூன் 23

தண்ணீர் வண்டியின் மணி கேட்டது. நெல்சி எழுவதற்குள் நானே வாசலுக்குப் போனேன்.

"அட, தோன் எர்மிலோ! கெணறு வத்திப்போச்சா?" என்றான் வண்டிக்காரன்.

"ரெண்டு எறக்கு. வாய எறக்காத."

நெல்சி கதவோரம் வந்து நின்றாள். "ரெண்டு எதுக்குண்ணே?"

"ஒண்ணு மேயருக்கு."

"இன்னொண்ணு?"

"எங்க வேணா வை. சாக்கு போட்டு மூடாத."