பங்காளி அச்சேறினான், பிலோ

என் அருமை பிலோ,

புத்தகம் வந்துவிட்டது. நேற்று மத்தியானம் அச்சகத்து ஆட்டோவில் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. நாம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்த அதே மேசையில்தான் முதல் கட்டைப் பிரித்தேன். உன் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொன்னார்கள், காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

முதலில் எதைத் தேடியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். பங்காளி இருக்கிறானா என்றுதான். இருக்கிறான், கம்பீரமாக இருக்கிறான்.

நம் பேச்சை ஒட்டுக்கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சேலத்தில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக நாம் இருவரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அகராதி தொகுத்தோம். சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு நிற்காமல், எந்தச் சொல்லுக்கு எது என்ன உறவு என்றும் சொல்லும் அகராதி. பகலுக்கு இரவு எதிர்ச்சொல். பூ என்ற இனத்தில் மல்லிகை ஒன்று. மரத்துக்குக் கிளை உறுப்பு. வானமும் ஆகாயமும் ஒத்தசொல். இத்தோடு உறவுமுறை முடிந்தது என்று நான் நினைத்தேன். நீதான் விடவில்லை.

"சுமதிக்கா, எங்கம்மா 'பூசைக்குப் போறேன்'னு சொல்றாங்க. மாதா கோயில்ல சாமியார் 'திருப்பலி'ங்கிறார். ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எங்கம்மா வாயில திருப்பலின்னு வந்தா வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. இதை எப்படி ஒத்தசொல்லுன்னு எழுதுறது?" என்றாய்.

எங்கள் மோகனூர் வீட்டிலும் சாமி விளக்கை யாரும் அணைப்பதில்லை, குளிர வைப்பதுதான் என்றேன். அணைத்தாலும் குளிர வைத்தாலும் இருட்டுவது என்னவோ ஒன்றுபோலத்தான். நீ மேசையைத் தட்டினாய். "அதேதான்! இது உங்க ஊர்ப் பங்காளிங்க மாதிரிக்கா. ஒரே பாட்டன், ஒரே குலசாமி. ஆனா அடுப்பு வேற. ஒருத்தர் இடத்துல இன்னொருத்தரை உட்கார வைக்க முடியாது."

அப்படிப் பிறந்ததுதான் பங்காளிச்சொல். பொருள் ஒன்று, புழங்கும் இடம் வேறு. மாதா கோயில் தெருப் பெண் எங்கள் பங்காளிச் சண்டையில் போய் இலக்கணம் கண்டுபிடிக்கிறாளே என்று உன்னைக் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் பொறாமையாகத்தான் இருந்தது.

நீ போன பிறகு பதிப்பாசிரியர் சதாசிவம் ஐயா கடைசிப் படிகளைப் பார்க்க உட்கார்ந்தார். பங்காளி வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் அடித்திருந்தார். "அகராதிக்குள்ள பங்காளிய உட்டா பாகப்பிரிவினையும் கூடவே வந்துருமுங்க. எல்லாத்தையும் ஒத்தசொல்னே மாத்திருங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிக் கிடந்தபோதும் நீ கேட்டது ஒன்றைத்தான்: "பங்காளியை விட்டுராதக்கா." அது போய்விட்டால் அந்தப் புத்தகத்தில் உன்னுடையது என்று வேறென்ன இருக்கிறது? நேராக அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

உன் அடக்கம் முடிந்த அன்று நடந்ததை அவரிடம் சொன்னேன். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, வாய்ப் பழக்கம், "போயிட்டு வாரனுங்கம்மா" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துக்க வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? சொல்லாமல் எழுந்து போவதல்லவா முறை! உன் பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். உன் அம்மாதான், "அவ சொல்லட்டும். நீ வா சாமி, வந்துக்கிட்டே இரு" என்றார்கள்.

"ஐயா, போறேன்னாலும் போயிட்டு வாரேன்னாலும் கால் நடக்கறது வாசலைப் பாத்துத்தானுங்களே? அப்பறம் ஏனுங்க ஒண்ணை நல்ல ஊட்டுல சொல்லக் கூடாது, இன்னொண்ணை எழவு ஊட்டுல சொல்லக் கூடாது? ஒத்தசொல்னு எழுதிட்டா, ஒரு புள்ள அதைப் படிச்சுட்டு மாத்திச் சொல்லி வாங்கிக் கட்டிக்காதுங்களா?" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "உறவு இருக்குதுன்னு ஒத்துக்கறனுங்க. பேருதான் இடிக்குது. அணுக்கச்சொல்னு வெச்சுக்கலாமே?"

"உங்க பங்காளி ஊட்டுல சாவுன்னா உங்களுக்குத் தீட்டு உண்டுங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. எருமப்பட்டியில் அவருக்குச் சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறார். வாய்க்கால் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறதாம். "உண்டுங்க. அவங்கம்மா தவறுனப்ப, அவங்கூடப் பேசாமயே போயி நின்னேன். வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்" என்றவர், படிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தத் தெருவுல அவனுக்கு அணுக்கமானவங்க எத்தனையோ பேரு. தீட்டு எனக்குத்தான்."

பிறகு பக்கம் பக்கமாகத் திருப்பி, தான் அடித்த சொல்லுக்குக் கீழெல்லாம் புள்ளி வைத்தார். அடித்தது செல்லாது, இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்லும் குறி அது. ஜெயித்துவிட்டோமடி!

எல்லாம் முடிந்து முகப்புப் பக்கம் மட்டும் பாக்கி. "பிலோமினா பேருக்கு முன்னால என்னங்க போடறது?" என்று ஐயா கேட்டார். மறைந்த, காலஞ்சென்ற, அமரர், இறைவனில் இளைப்பாறும். நம் முறைப்படி எல்லாமே ஒன்றுக்கொன்று பங்காளிகள். ஒவ்வொன்றையும் உன் பெயருக்கு முன்னால் வைத்துச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். 'அமரர்' என்றதும் மேடையும் மாலையும் தெரிந்தன. 'காலஞ்சென்ற' என்பது பத்திர ஆபீசில் கேட்கிற சொல். இறைவனில்தான் இருக்கிறாய், ஆனால் நீயாவது இளைப்பாறுவதாவது! 'மறைந்த' என்று ஆரம்பித்தேன், உன் பெயர் வரைக்கும் போக முடியவில்லை. அழுதுவிட்டேன், பிலோ. ஐயா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

எதையும் போடவில்லை. 'தொகுப்பு: பிலோமினா, சுமதி' என்று மட்டும் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள், சேலத்தில் எங்கேயோ இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும்.

மறுபதிப்பு வரும்போது யாராவது ஒருவர் இதைத் திருத்த வருவார். நான் இங்கே இருக்கும்வரை உன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் வராது, இது சத்தியம். எனக்குப் பிறகு என்ன ஆகும் என்றுதானே கேட்கிறாய்? அதற்கும் ஐயாவிடம் சொல்லி வைத்துவிட்டேன்: "அப்ப எம்பேருக்கு முன்னாலயும் ஒண்ணும் போடாதீங்க."

உனக்கு அக்காவாக வாய்த்த,
சுமதி