நாற்பது பேர் உச்சரித்த உன் பெயர்

லா ஷப்பெல், பாரிஸ்
மார்ச் 9

அன்பு மகள் லக்ஷனாவுக்கு,

காய்ச்சல் திரும்பவில்லை, சோறு இறங்குகிறது என்று நீ எழுதியதை இரண்டு முறை வாசித்த பிறகுதான் நாங்களும் நலம் என்று எழுதக் கை வருகிறது. அப்பாவுக்கு முழங்கால் நோ மட்டும் மாறவில்லை, ஆனால் படி ஏறாதீர்கள் என்றால் கேட்கமாட்டார். உங்கள் ஆற்றங்கரையில் போன் எடுக்காது என்பதால் இதை லீமாவுக்கு வரும் உன் சிநேகிதி செசிலிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே நுளம்பு வலை, மாத்திரை, உனக்கு வைத்தியம் பார்த்த பியட்றிஸ் அம்மா தையலுக்குக் கேட்ட நூல், எல்லா நிறத்திலும்.

இனி மாக்சிம். உன்னோடு மூன்று வருடம் இருந்து, பெருவுக்கும் கூட வந்து, நீ காய்ச்சலில் கிடந்தபோது உன்னை விட்டுவிட்டுப் படகு பிடித்துப் போனவன். விடுங்கோ அம்மா என்று எழுதியிருந்தாய். நான் விடவில்லை. போன மாதம் கடைக்குப் போனபோது கோசலை அக்கா ஒரு நோட்டீஸை நீட்டி, இஞ்சை பாரும் துஷ்யந்தி, உம்மட மருமோனா வர இருந்தவர் சாமியாராயிட்டார், இனி வீட்டிலயே பூசை செய்விக்கலாம் என்று சிரித்தா. பெருவின் ஷிபிபோ மக்களின் குணமாக்கும் பாட்டு, ஞாயிறு பிற்பகல், மார்க்ஸ் டோர்மோயில் ஒரு யோகா மண்டபம் என்று போட்டிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். சுவரில் அவர்களுடைய கோலம் போன்ற அந்தத் தையல் வடிவம், ஆனால் மெஷினில் அச்சடித்த துணி. நாற்பது பேர் பாயில் படுத்திருந்தார்கள். இவன் வெள்ளை உடுப்போடு, இது என் குருவம்மா எனக்கென்று தந்த பாட்டு என்று சொல்லிவிட்டு ஒலிப்பதிவைப் போட்டான்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நீ படுத்திருக்க பியட்றிஸ் அம்மா பாடியது, பிறகு நீ பட்டணத்துக்கு வந்தபோது எனக்கு முழுதாக அனுப்பியிருந்த அதே பதிவு. நோயாளியின் பெயரைப் பாட்டுக்குள் வைத்துப் பாடுவது அவர்கள் வழக்கம் என்று நீதான் எழுதினாய். இவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லையா, சொல்லியும் காதில் விழவில்லையா தெரியாது. திரும்பத் திரும்ப வருகிற அந்தச் சொல் காட்டின் ஒளித்தாயின் பெயர், எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றான். நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு லக்ஷனா, லக்ஷனா என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் காத்திருந்தேன். கடைசியில் ஒவ்வொருவராக என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தான். தலை முழுவதும் சால்வை போட்டிருந்ததால் என்னை அதுவரை அடையாளம் காணவில்லை. என் முறை வந்ததும் சால்வையை எடுத்துவிட்டு, அது என் மகளின் பெயர், இருபத்தாறு வருடத்துக்கு முன் நான் வைத்தது என்றேன். மதாமுக்குள் பெரிய சுத்திகரிப்பு நடக்கிறது என்று மற்றவர்களிடம் சொன்னான். நான் போனை எடுத்து முழுப் பதிவையும் போட்டேன். இவன் வெட்டி எறிந்த கடைசிப் பகுதியில் பாட்டு முடிகிறது, நீ தண்ணீர் கேட்கிறாய், இவன் குரல், அந்தக் கிழவியிடம் கேள், எனக்குப் படகு போய்விடும் என்கிறது.

நாற்பது பேரும் சப்பாத்துகளைத் தேடிக்கொண்டு எழும்பினார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் வந்து, பிள்ளைக்குச் சுகமா என்று கேட்டார். சுகம், பாடியவர் பெயர் பியட்றிஸ் என்றேன். படிக்கட்டில் இவன் பின்னால் ஓடி வந்து, முன்பு நம் வீட்டில் கூப்பிட்ட மாதிரி தமிழில் அம்மா என்றான். மதாம் என்று கூப்பிடு என்றேன். நோட்டீஸில் இருந்த மற்ற மூன்று மண்டபங்களுக்கும் பதிவை அனுப்பிவிட்டேன், இரண்டு அவனுக்கு இடம் தர மறுத்துவிட்டன. எனக்கு இதில் சந்தோஷம், உன்னிடம் ஏன் ஒளிக்க வேண்டும்.

இப்போது அவனுக்கு வேண்டியது பியட்றிஸ் அம்மாவின் சம்மதம் என்று உன் கையால் ஒரு கடிதம். அது இருந்தால் மண்டபங்கள் திரும்பத் திறக்கும். உனக்கு எழுதுவான், அழுவான், மூன்று வருடத்தையும் ஞாபகப்படுத்துவான். நீ இளகிவிடுவாய் என்பதுதான் என் பயம். எழுதுவதற்கு முன் ஒன்றை நினை. அந்த அம்மா மாதக்கணக்கில் உப்பும் இனிப்பும் விலக்கி விரதமிருந்து, அவர்கள் நம்பிக்கைப்படி மூலிகைச் செடியிடமே கற்ற பாட்டு அது. இவன் நம் வீட்டு மேசையில் கறிக்கு உப்புக் காணாது என்று மூன்று தரம் கேட்டவன். காய்ச்சலைத் தணித்தது மாத்திரை என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் உன் தலைமாட்டில் மூன்று நாள் இருந்து தண்ணீர் பருக்கியவர் அவர்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி. வலையைக் கட்டாமல் படுக்காதே. அப்பா உனக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தார், திருநீறு உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு என்றும் உண்டு. கையெழுத்து மட்டும் போடாதே.

உன் அம்மா,
துஷ்யந்தி

பி.கு. பெயரை வைத்து நோயைப் போக்கப் பாடுகிறவரால், பெயரை வைத்து வேறு விதமாகவும் பாட முடியுமா என்று அவரிடம் கேள். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று சொல்வார், தெரியும். எனக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கேள். முழுப் பெயர் மாக்சிம் ஒலிவியே தெல்வோ. பிழையில்லாமல் உச்சரிக்கச் சொல்.