பிரேமினி அடங்கிவிட்டாள்

குவைத்
12.01.2025

அன்புள்ள பிரேமினி அப்பாவுக்கு,

நான் சுகம். இடுப்பு வலி மட்டும் என்னோடு கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது. போன் இன்னும் மேடத்திடம்தான் இருக்கிறது. இந்த வீட்டு டிரைவர் ஹிஷாம் நானா நம்ம அட்டன் பக்கத்து ஆள். அவர்தான் கடிதத்தைத் தபாலில் போடுகிறார். பதிலும் அவர் பெயருக்கே எழுதுங்கள்.

டிக்கோயா கிளினிக்கில் டாக்டர் சொன்னதை உங்கள் கடிதத்தில் வாசித்து அழுதேன். ஓர் இடத்தில் நிற்காததற்கும் கவனம் சிதறுவதற்கும் ஏடிஎச்டி என்று ஒரு பெயரே இருக்கிறதாமே. அப்படியென்றால் என் பிள்ளை திமிர் பிடித்தவள் இல்லை. ஊரெல்லாம் சேர்ந்து அவளைத் திட்டினோம், நானும்தான்.

மாத்திரையை விடாதீர்கள். சாப்பாடும் ஓட்டமும் அதற்குத் துணை என்றாரே, அது உங்கள் பொறுப்பு. காலையில் சீனி கொட்டின தேத்தண்ணியையும் கோதுமை ரொட்டியையும் கொடுத்து அனுப்பாதீர்கள். முட்டை, கடலை, நெத்தலி கொடுங்கள். கலர் சோடா கண்ணில் படவே கூடாது. பள்ளிக்கூடம் போகும் முன் நன்றாக ஓடட்டும்.

அவள் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும். அவள் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை ஏறக்கூடாது என்றுதான் நான் இங்கே அடுத்தவர் வீட்டுக் கக்கூஸ் கழுவுகிறேன். மறந்துவிடாதீர்கள்.

உங்கள் நாகலெட்சுமி


அக்கரப்பத்தனை
20.02.2025

அன்பு லெட்சுமிக்கு,

உன் கட்டளைகள் வந்து சேர்ந்தன. எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையாகூட இப்படி விரட்டமாட்டார்.

சீனியை நிறுத்தியதும் வீட்டில் பெரிய கலவரம். "சீனி இல்லாம குடிக்க நான் என்ன மாடா?" என்று கோப்பையைச் சுவரில் எறிந்தாள். அவளுக்காக நானும் வெறும் தேத்தண்ணி குடிக்கிறேன். பிறகு மஃறூப் நானா கடைக்குப் போய் சீனி போட்டு ஒன்று குடிப்பது வேறு கதை.

ஆனால் பலன் இருக்கிறது. காலையில் மலை ஏறினால் அந்திக்குத்தான் இறங்குகிறாள். பகலுக்குக் குரக்கன் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுக்கிறேன். ராசம்மா அக்கா கூடவே இருப்பதால் பயமில்லை. களைத்து வந்து படுத்தால் நல்ல தூக்கம். முன்பு போல நடுராத்திரியில் எழுந்து பெட்டியைக் கிளறுவதில்லை. மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. நீ நிம்மதியாக இரு.

உன் அழகன்


குவைத்
23.03.2025

பிரேமினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் சந்தோஷப்பட நிறைய இருந்தது. ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? ராசம்மா அக்கா விடிந்தால் கொழுந்தெடுக்கப் போய் அந்திக்குத்தான் வருவார். அவரோடு என் மகளுக்கு என்ன வேலை?

சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

நாகலெட்சுமி


அக்கரப்பத்தனை
28.04.2025

அன்பு லெட்சுமிக்கு,

உன்னிடம் மறைக்க முடியாது என்று தெரிந்தும் மறைத்துப் பார்த்தேன்.

தை மாதக் கடைசியில் பள்ளிக்கூட மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "இவளால மத்த பிள்ளைகளும் படிக்குதில்ல. கொஞ்ச நாளைக்கு வீட்டுல வச்சிக்கங்க" என்றார். நான் வேலைக்குப் போனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? தோட்டம் நம் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலைத் துண்டுக்குக் கூட்டிப் போய் ராசம்மா அக்காவோடு விட்டேன். டாக்டரும் உடம்பை அசைக்கத்தானே சொன்னார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது, அதனால் போகவில்லை. மாத்திரையும் முடிந்துவிட்டது.

ஆனால் கேள். ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை தேயிலைக்குள் நிற்கிறாள். இரண்டு கையும் பறக்கின்றன. கொழுந்தைத் தராசில் போட்டதும் ராசம்மா அக்கா, "ஏ புள்ள, நீ கெட்டிக்காரிடி" என்றார். அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவளிடம் சொல்லாத சொல் அது. அதை எப்படி அவளிடமிருந்து நான் பிடுங்குவது?

அழகன்


குவைத்
01.06.2025

பிரேமினி அப்பாவுக்கு,

டாக்டர் ஓடி விளையாடச் சொன்னார். கூடை சுமக்கச் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

கெட்டிக்காரி என்று என்னையும் சொன்னார்கள். அப்போது எனக்கும் பதினாலு வயதுதான். அந்தச் சொல்லைக் கேட்டுக் குளிர்ந்துபோய்த்தான் என் இடுப்பு ஒடியும் வரைக்கும் மலையில் கிடந்தேன்.

அட்டனில் இருக்கும் என் தம்பி நிரஞ்சனுக்கு எழுதிவிட்டேன். அங்கே ஒரு டீச்சரிடம் பேசியிருக்கிறான். பிரேமினியைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் வகுப்பில் சேர்க்கச் சம்மதித்தாராம். கிளினிக்குக்கும் அவனே கூட்டிப் போவான். ஜூலை முதல் ஞாயிறு வருவான். பிள்ளையை அவனோடு அனுப்பி வையுங்கள். அனுப்பாவிட்டால், அக்ரிமென்ட் முடிந்தாலும் நான் அந்த லயத்து வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

நாகலெட்சுமி


அக்கரப்பத்தனை
08.07.2025

அன்பு லெட்சுமிக்கு,

நிரஞ்சன் வந்தான். நீ சொன்னதுதான் சரி என்று பட்டது, அதனால் முதல் நாளே அவள் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். இதை நீ நம்ப வேண்டும்.

அவள் விடியும் முன்பே கூடையோடு போயிருந்தாள். இரண்டு பேரும் மேலே போய்க் கூப்பிட்டோம். கத்துவாள், கல்லை எடுத்து எறிவாள் என்று நினைத்தேன். கையை நிறுத்தாமல், "நான் வரல மாமா. இந்த நிரை இன்னும் முடியல" என்றாள். அவ்வளவுதான். நிரஞ்சன் அந்தி வரை இருந்து பார்த்துவிட்டு, "நல்லா அடங்கிட்டா அத்தான்" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான்.

லயத்தில் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். பிள்ளையைத் திருத்திவிட்டேனாம். எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் சோறு தின்னும்போதே மூன்று கதை தொடங்குவாள், ஒன்றையும் முடிக்க மாட்டாள். இப்போது வந்து, கழுவி, தின்று, படுத்துவிடுகிறாள். கேட்டால் ஒரு சொல்லில் பதில்.

நேற்று உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கடிதத்தை வாங்கி மடித்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மாவ வந்துரச் சொல்லுங்கப்பா. இனிமே அவங்க அங்க கஷ்டப்பட வேணாம். நான்தான் சம்பாரிக்கிறேனே."

லெட்சுமி, அவளுக்கு நீயே பதில் எழுது.

அழகன்