நாலாம் கட்டிலுக்கு ஒரு துண்டு கேக்

அன்புள்ளவளே,

இன்று வார்டில் செவிலியர் தினக் கேக் வெட்டினோம். வெண்ணிலா மணம் மருந்து வாடையையே அமுக்கிவிட்டது. இளம் நர்ஸ் பிள்ளைகள் செல்ஃபிக்குக் கூடியதும், நோயாளிகளின் பெயர் எழுதிய போர்டை வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். "சிஸ்டர் தொடங்கியாச்சு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முன்பொரு செவிலியர் தினத்தில் அதைத் திருப்பாமல் கேக்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த புத்திசாலி நான்தானே. நீ லீவில் இரணியல் வீட்டில் இருந்தாய். கால் மணி நேரத்தில் உன் போன் வந்தது. "ஏட்டி, கேக்கு நல்லாத்தான் இருக்கு. பொறத்த போர்டுல நாலாம் கட்டிலப் பாரு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மார்பில் கட்டி எடுக்க வந்தவளின் பெயரும் ஆபரேஷன் விவரமும் பளிச்சென்று தெரிந்தன. பரிசோதனை முடிவு வரும்வரை கல்ஃபில் இருக்கும் கணவனுக்குத் தெரியக்கூடாது என்று நம் இருவரிடமும் கெஞ்சியிருந்தாள் அவள். உடனே அழித்தேன். ஆனால் அதற்குள் பார்த்தவர்களில் அவள் ஊரான இனயத்து ஆட்டோக்கார அண்ணனும் இருந்தார்.

அழித்தாயிற்றே, பேசாமல் இருந்துவிடலாம் என்றேன். நீ விடவில்லை. "அவகிட்ட நீயே போய்ச் சொல்லு. நானும் வாறேன்" என்று லீவு நாளில் பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றாய்.

நான் சொல்லி முடித்ததும் அவள் முகம் வாடியது. திட்டவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. "அடுத்தவங்க சொல்லி அவரு அறியப்பிடாது" என்று போனை எடுத்துக் கணவனிடம் தானே சொன்னாள். அவன் அழுதது நமக்கும் கேட்டது. பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பேரு வச்சு எடுத்த படமில்லியா, எனக்கும் ஒரு துண்டு கேக்கு தாங்க" என்றாள். மூவரும் சிரித்துவிட்டோம். பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு முடிவும் வந்தது.

கொஞ்ச காலம் கழித்து அதே வார்டில் நீயே நோயாளியாக வந்து படுத்தாய். "நான் இங்க கெடக்கேன்னு ஸ்டேட்டஸ் கிட்டேட்டஸ் வச்சே, எந்திச்சு வந்து சாத்துவேன்" என்று என்னைச் சிரிக்க வைத்தாய், பாவி. எந்திச்சுத்தான் நீ வரவேயில்லை.

இன்றும் மீன் வாங்கப் போனால்கூட உனக்கு என்ன நோய் இருந்தது என்று கேட்கிறார்கள். "அவகிட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு மீனை வெட்டச் சொல்வேன். உன்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறேன், அந்த ஒன்றைத் தவிர. பாரேன், உனக்கே எழுதும் இந்த மடலில்கூட நோயின் பெயரை எழுதவில்லை. உன் பெயரையும்தான்.