கோர்ட்டோடு வந்த குமாஸ்தா

கால்டர்,
மே 6

அன்புள்ள வில்மாவுக்கு,

நான் நலம். உன் மகன் வீட்டில் நீயும் உன் முழங்காலும் நலமா? அரிசோனாவில் காற்றும் இல்லை, மழையும் இல்லையாம். திட்டுவதற்கு உனக்கு அங்கே என்னதான் கிடைக்கிறது?

நம் ஊரில் இப்போது ஏழு பேர். ஹெல்மரின் நாயையும் சேர்த்தால் எட்டு. ஏழு பேர் உள்ள இடத்தை இனி ஊர் என்று எழுத முடியாதாம். ஜூன் முடிந்தால் கால்டர் என்ற பெயர் வரைபடத்தில் இருக்காது. நம் பழைய கோர்ட்டுக் கட்டடத்தை லாரியில் ஏற்றி வெஸ்ட்பிரிட்ஜ் மியூசியத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பதினெட்டாம் தேதி லாரி வருகிறது.

இதைச் சொல்ல வந்தவன் மியூசியத்து டுவெய்ன். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "அது எங்க ஊர்க் கட்டடம்தானே பெரியவரே. உங்க ஆளுங்க திருடிட்டு வந்ததுதானே" என்றான். "பட்டப்பகல்ல இருபத்திரண்டு மாட்டைப் பூட்டி இழுத்துட்டு வந்தோம்டா. திருடுறவன் அவ்வளவு சத்தமாவா வருவான்?" என்றேன்.

கட்டடத்தின் முன்னால் வைக்கப்போகும் பலகையையும் படித்துக் காட்டினான். 1888இல் கால்டர் ரவுடிகள் நாற்பது பேர் துப்பாக்கியோடு வந்து சூறையாடினார்களாம். போனது பதினான்கு பேர். இருந்தது ஒரே துப்பாக்கி, அதுவும் முயல் சுடுவது. கோர்ட்டு எங்கே நிற்கிறதோ அதுதான் மாவட்டத் தலைநகர் என்று என் கொள்ளுத்தாத்தா நம்பினார். கட்டடத்துக்கு அடியில் மரக்கட்டைகளை உருட்டிப் பதினோரு மைல் இழுத்தார்கள். கனமாக இருக்கிறதே என்று பத்திரப் பெட்டியை மட்டும் வெஸ்ட்பிரிட்ஜிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள். பத்திரம் இருக்கும் ஊர்தான் தலைநகர் என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். நமக்கு மிஞ்சியது நான்கு சுவரும் உள்ளே இருந்த உன் கொள்ளுத்தாத்தாவும்தான்.

"ஆபீஸ் நேரம் முடியல, எறங்க மாட்டேன்" என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து வந்தாரே அந்தக் குமாஸ்தா! மூன்றாம் நாள் நம் ஊர்க் கொல்லனின் தங்கை சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் எங்கே திரும்பிப் போனார்? எட்டு வயதிலிருந்து உன்னைத் திருட்டுச் சொத்து என்று நான் கூப்பிடுவது சும்மா இல்லை.

இப்போது அவர் வழியில் நானும் இறங்கிவிட்டேன், அதாவது இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமையே கட்டிலையும் கெட்டிலையும் கோர்ட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. உள்ளே ஆள் இருந்தால் கட்டடத்தைத் தூக்க மாட்டேன், இன்சூரன்ஸ் கிடையாது என்று லாரிக்காரன் சொல்லிவிட்டான். "எத்தனை நாளைக்கு இருப்பீங்க?" என்று டுவெய்ன் கேட்டான். "ஆபீஸ் நேரம் முடியட்டும்" என்றேன்.

ஒரே ஒரு சிக்கல். கக்கூஸ் வெளியே இருக்கிறது, எனக்கோ எண்பத்தொரு வயது. நான் எப்போது எழுந்து போவேன் என்று டுவெய்ன் காரில் காத்துக் கிடக்கிறான். மற்ற ஆறு பேரும் சோள விதைப்பில் இருக்கிறார்கள். நான் வெளியே போகும் ஐந்து நிமிடத்துக்கு உள்ளே ஒருவர் உட்கார வேண்டும்.

உன் கொள்ளுத்தாத்தாவின் நாற்காலியைத் துடைத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஒரு கால் ஆடியது. அட்டை மடித்து வைத்துச் சரிசெய்துவிட்டேன். சூப் வைக்கவும் கற்றுக்கொண்டேன், சுமாராக வருகிறது.

உன்னை இழுத்து வர என்னிடம் மாடும் இல்லை, மரக்கட்டையும் இல்லை. நீயாகத்தான் வர வேண்டும். பதினெட்டுக்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் பழைய தொந்தரவு,
ஆக்செல்